அந்த இருவரை மேடையேற்ற நான் விடவில்லை

நீங்கள் இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது வந்து, "ஒரு நல்ல கதை இருந்தா குடுங்களேன்" என்பார்கள். சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளின் கதை, அவர்களோடு பழகும் பெண்களின் கதை, கூடவே ஒரு படம். நீங்கள் புதியவர்கள், நல்ல பெயர் எடுக்க ஆசை இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் அப்பா சாலை பஜாரில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று திருவனந்தபுரத்திலேயே வளர்ந்து, இங்கேயே ஒரு சிறிய அறக்கட்டளையில் கடைசி வரை வேலை பார்த்தேன். சண்டை நடந்த இடங்களில் சமாதானம் பேசும்போது பெண்களுக்கும் ஒரு குரல் கிடைக்கப் பாடுபடும் இளைஞர்களுக்கு நாங்கள் ஓர் உதவித்தொகை கொடுத்தோம். ஓராண்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை. வேலை நன்றாக இருந்தால் இன்னோர் ஆண்டு. பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதும், அவர்கள் இருக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்ப்பதும் என் பொறுப்பு.

தேர்வுக் குழுவில் வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருந்தார். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. ஏராளமான சமாதானக் கூட்டங்களைத் தலைமையேற்று நடத்தியவர். நான் சேர்ந்த புதிதில் அவர் சொன்னார்: "கூட்டத்துல யாரு என்ன பேசினாங்கன்னு எழுதாதே. முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப யாரு யாரைப் பாத்துப் பயப்படணும்னு எழுது." அப்போது அது எனக்கு ஏதோ பெரிய மனுஷப் பேச்சாகத்தான் பட்டது.

ஷீபா எங்களிடம் வந்தபோது சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வள்ளியூர்ப் பக்கமிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நகரத்தின் ஓரத்தில், ஒரு தோட்டுக்கு, அதாவது ஓடைக்கு, இந்தப் பக்கம் வரிசையாக வாடகை வீடுகள்; அவற்றில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், ஷீபாவின் வீடும் அங்கேதான். தோட்டுக்கு அந்தப் பக்கம் மலையாளக் குடும்பங்கள். நடுவில் ஒரு சின்னப் பாலம். இரண்டு பக்கத்திலும் கூலி வேலைக்காரர்கள்தான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் விளையாடினார்கள்.

ஒரு சாயங்காலம் பந்து விளையாட்டில் தகராறு. அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் "போடா பாண்டி" என்றான். இங்கே தமிழனாக வளர்ந்த எல்லோரும் தமிழர்களை ஏளனமாகச் சொல்லும் அந்த வார்த்தையைக் கேட்டிருப்போம். பெரும்பாலும் காதில் விழாததுபோலப் போய்விடுவோம். அன்றைக்கு இந்தப் பக்கத்துச் சுரேஷ் போகவில்லை. கைகலப்பில் அந்தப் பக்கத்து அனீஷ் என்பவன் கத்தியை எடுத்துவிட்டான். சுரேஷ் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவன். வலது கையில் ஆழமான வெட்டு. தையல் போட்டுப் பிழைத்துவிட்டான், ஆனால் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அனீஷை ரிமாண்டில் வைத்தார்கள், பிறகு ஜாமீனில் வந்தான். அதற்குள் பாலத்தின் இரண்டு பக்கத்திலும் கல்லெறி, பைக் எரிப்பு. ராத்திரியில் வேலை முடிந்து திரும்புகிற பெண்கள் பாலத்தைத் தவிர்த்து ஊரைச் சுற்றிப் போனார்கள்.

சமாதானக் கூட்டம் கூட்டினார்கள். கட்சிக்காரர்கள், கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், போலீஸ். ஷீபாவும் நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தோம். வந்தவர்களில் தேநீர் கொண்டுவந்தவரைத் தவிர்த்தால் பெண்கள் நாங்கள் இருவர்தான். ஷீபா எழுந்து, இரண்டு பக்கத்து அம்மாக்களையும் கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டாள். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி யோசித்துப் பார்த்துவிட்டு, நல்ல யோசனைதான் என்றார். இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு திருவாதிரை நடனம் ஆடட்டும், பத்திரிகைக்கு நல்ல படமாக இருக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒருவனின் கை போயிருக்கிறது. இன்னொருவன் மேல் வழக்கு. அவர்களைப் பெற்றவர்களைச் செட்டு முண்டு கட்டிக்கொண்டு கைதட்டி ஆடச் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் ஷீபா சொன்னாள்: "அக்கா, இவங்ககிட்ட இனி ஒண்ணும் கேக்க வேண்டாம் கேட்டோ. நான் வேற வழியில பாக்கறேன்."

அந்த வேறு வழி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறை. அங்கே துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் மத்தியானம் சாப்பிடும் இடம். சுரேஷின் அம்மா வசந்தாவும் அனீஷின் அம்மா சுலோசனாவும் அங்கேதான் பல வருஷமாக வேலை. முன்பெல்லாம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். வெட்டு விழுந்த பிறகு வசந்தா தன் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார ஆரம்பித்தாள். ஷீபா ஒருநாள் படியில் வசந்தாவோடு உட்காருவாள், மறுநாள் அறையில் சுலோசனாவோடு. ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் கொண்டுபோகவே இல்லை. வாரக்கணக்காக அவள் செய்த வேலை அவ்வளவுதான். மாத அறிக்கையில் எழுத ஒன்றுமில்லை என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள்.

பிறகு ஒரு நாள் தோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புரளி கிளம்பியது. மெடிக்கல் காலேஜில் சுரேஷ் செத்துவிட்டான், தமிழ்ப் பையன்கள் கம்பிகளோடு கிளம்பி வருகிறார்கள் என்று. அந்தப் பக்கத்துப் பையன்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாலத்தருகே கூட ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்து எண் என்று சுலோசனாவிடம் இருந்தது ஷீபாவுடையதுதான். கூப்பிட்டாள். ஷீபா பதில் சொல்லாமல் நேரே வசந்தா வீட்டுக்குள் போய் ஃபோனை அவள் கையில் கொடுத்தாள்.

"வசந்தே, நின்டெ மோன் மரிச்சூன்னு பறயுந்நு. சத்யமாணோ?" என்றாள் சுலோசனா அழுதுகொண்டே.

"செத்தானா? எவன் சொன்னான்?" என்று கத்தினாள் வசந்தா. "இங்கன என் முன்னால இருந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கான். ஒம் பக்கத்துப் பயலுவள வீட்டுக்குப் போகச் சொல்லு. எங்க பயலுவ ஒருத்தனும் வெளிய எறங்கல."

சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு அது. சுலோசனா ஓடிப்போய்த் தெரிந்த பெண்களிடம் சொன்னாள். அவரவர் மகன்களை அவரவர் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவோடு முடிந்தது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் நாலைந்து அம்மாக்கள், அந்தப் பக்கம் நாலைந்து பேர் என்று எண்களை மாற்றிக்கொண்டார்கள். புரளி வந்தால் முதலில் ஒரு ஃபோன். ஏதாவது ஒரு பையன் கோபத்தில் பாலத்தைத் தாண்டிப் போனால் அந்தப் பக்கத்துக்கு ஒரு ஃபோன். இதில் இருக்கும் ஆபத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் அம்மா தன் மகன் எங்கே போகிறான் என்று எதிராளியின் அம்மாவுக்குச் சொல்கிறாள். மகன்களுக்கோ புருஷன்மார்களுக்கோ தெரிந்தால் அதற்குப் பெயர் காட்டிக்கொடுப்பது. வசந்தாவின் புருஷன் கை நீட்டுகிறவன் என்று ஷீபா சொல்லியிருந்தாள். அதனால் இது யாருக்கும் தெரியாமல் நடந்தது. ஷீபா என்னிடம் சொன்னாள். நான் பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் இயக்குநரிடம் மட்டும் சொன்னேன். அவருக்குப் பெயர்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. வழக்கில் யார் கை வெட்டுப்பட்டது, யார் வெட்டியது என்று ஊருக்கே தெரியுமே.

ஆண்டு விழா வந்தது. பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிரூட்டிய அரங்கு. டெல்லியிலிருந்து நிதி கொடுக்கும் நிறுவனத்தின் அம்மையார் வந்திருந்தார். உதவித்தொகை பெற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் சான்றிதழ். நான் வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. பட்டுப்புடவையில் வசந்தா இறங்கினாள்.

"ஷீபா பிள்ளைக்குப் பரிசு குடுக்காவளாமே மேடம்? வந்து வாழ்த்தணும்னு ஆபீஸ்ல இருந்து கார் அனுப்பியிருந்தாவ. நம்ம பிள்ளைல்லா, வந்துட்டேன்" என்றாள் சந்தோஷமாக.

நான் காருக்கு ஏற்பாடு செய்யவில்லை. குழப்பத்தோடு அவளை உள்ளே அழைத்துப் போனேன். முன்வரிசையில் ஏற்கெனவே சுலோசனா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இன்னொரு கார் போயிருக்கிறது. மேடைக்கு எதிரே ஒரு டி.வி. சானலின் கேமரா நின்றது. வசந்தா சுலோசனாவைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"மேடம், இது டி.வி.ல வருமா?"

அவளைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு மேடையோரம் போனேன். இயக்குநர் அங்கே நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தார். கரமனையில் வளர்ந்த தமிழர். என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"சார், அந்த ரெண்டு பேரும் எதுக்கு வந்திருக்காங்க?"

"சர்ப்ரைஸ் மேடம். ஷீபாவுக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்த உடனே ரெண்டு அம்மாவும் மேடையில ஏறி ஒரு ஹக். ரெண்டே நிமிஷம். ஹாலே அழும்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா வருவாங்களா?"

இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் வெட்கப்படவில்லை, தயங்கவில்லை. ஒரு நடைமுறைச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்த்துவிட்ட நிம்மதிதான் அவர் முகத்தில் இருந்தது. சமாதானத்தில் பெண்களின் குரல் என்று துணிப் பதாகையில் எழுதி, அதற்குக் கீழே நின்றுகொண்டு சொல்கிறார், கேட்டால் வருவார்களா என்று.

"சார், இது வீட்டுல யாருக்கும் தெரியாது. டி.வி.ல வந்தா அந்த ரெண்டு பேரும் சாயங்காலம் எங்க போவாங்க? அந்த வீட்டுக்குத்தானே போகணும்? அப்புறம் யாரு யாருக்கு ஃபோன் பண்ணுவாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ப்ராக்டிகலா இருங்க. டெல்லிக்காரங்களுக்கு ஒரு விஷுவல் வேணும். செகண்ட் இயர் ஃபண்ட் இதுலதான் நிக்குது. ஷீபாவுக்கு மட்டுமில்ல, எல்லாப் பிள்ளைங்களுக்கும். நீங்க நிறுத்தினா அத்தனை பேர் ஸ்காலர்ஷிப்பும் உங்க தலையில."

விழா ஆரம்பிக்கப் போகிறது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் பெண் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கிறாள். மற்றப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி அந்தத் தொகையில்தான் விடுதிக் கட்டணம் கட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். எல்லோர் முகத்தையும் தெரியும். இரண்டு பெண்களுக்காக இத்தனை பிள்ளைகளின் படிப்பையா?

அந்த இடத்தில்தான் தாசில்தாரம்மா சொன்னது எனக்கு உறைத்தது. இந்தக் கூட்டம் முடிந்ததும் இங்கே யார் வீட்டுக்குப் போகப் பயப்பட வேண்டும்? பிள்ளைகளுக்குப் பணம் போனால் அது பெரிய இழப்பு. ஆனால் கெஞ்சலாம், வேறு இடத்தில் கேட்கலாம், கையிலிருந்து போடலாம், போராடலாம். ஒளிபரப்பான படத்தைத் திரும்பி வாங்க முடியாது. நெருக்கடி வரும்போது நீங்கள் எல்லோருடைய நஷ்டத்தையும் தராசில் போட்டுப் பார்க்காதீர்கள். நேரம் இருக்காது. எதைத் திருத்த முடியாதோ அதை முதலில் தடுத்துவிடுங்கள். மற்றதற்கெல்லாம் மறுநாள் அடித்துக்கொள்ளலாம்.

ஷீபாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். "எனக்கு ரெண்டாவது வருஷம் வேண்டாம் அக்கா. முதல்ல அவங்களை வெளிய கொண்டு போங்க."

வசந்தாவைப் பக்கவாசல் வழியாக அழைத்துப்போய் ஓர் ஆட்டோவில் ஏற்றினேன். திரும்பி வந்து முன்வரிசையில் சுலோசனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்தபடி கேட்டாள்: "வசந்த போயோ?" போய்விட்டாள் என்றேன். "எந்நா ஞான் இப்போ எழுந்நேல்க்குந்நில்லா" என்றாள். இப்போது எழ மாட்டாளாம்; உடனே எழுந்தால் இருவரும் சேர்ந்து போனதுபோல இருக்குமே. குத்துவிளக்கு ஏற்றி எல்லோரும் எழுந்து நின்றபோது, அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, கழிவறைக்குப் போகிறவளைப்போல நடந்து, அப்படியே போய்விட்டாள்.

ஷீபாவின் பெயரை அழைத்தார்கள். கைதட்டல். தொகுப்பாளினி எழுதிவைத்திருந்ததைப் படித்தாள்: இப்போது ஓர் அபூர்வமான காட்சியைப் பார்க்கப் போகிறீர்கள், பகையை மறந்த இரண்டு தாய்மார்கள்... அரங்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை. கேமரா சுற்றிக்கொண்டே இருந்தது. இயக்குநர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத வேண்டாம்.

நான் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினேன். "அப்படி யாரும் வரவில்லை" என்றேன் மலையாளத்தில். "வரச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. இந்தப் பெண்ணின் வேலையைப் பாராட்டுவதென்றால் கை தட்டுங்கள், போதும்." ஷீபா சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

மத்தியானச் சாப்பாட்டில் டெல்லி அம்மையார் என்னிடம் வந்தார். கோபமாக இல்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: யாரையும் காட்ட மாட்டீர்கள் என்றால், வேலை நடக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? இத்தனை நாளாக அந்தப் பாலத்தில் யாரும் சாகவில்லையே, அதுதான் என்றேன். நடக்காததை எப்படி அறிக்கையில் எழுதுவது என்றார். அது உங்கள் அறிக்கையின் குறை, அந்தப் பெண்களின் குறை இல்லை என்றேன். அவர் பாயசம் எடுக்கப் போய்விட்டார்.

இனி என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டுக்கு நிதி வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. அத்தனை பேரின் படிப்பும் என் தலையில் என்று அவர் சொன்னது வெறும் மிரட்டல். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பணியவைக்க நினைப்பவர்கள் எப்போதும் அங்கே இல்லாத ஒரு கூட்டத்தை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

ஷீபாவுக்கு மட்டும் நிறுத்தினார்கள். 'ஒத்துழைப்பு போதாது' என்று காரணம். அந்த இடம், சமாதானத்தில் பெண்களின் பங்கைப் பற்றி மெழுகுவர்த்தியும் வெள்ளைப் புடவையுமாக ஒரு வீடியோ எடுத்த இளைஞனுக்குப் போனது. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டதைக் கொடுத்தான். கேட்டவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். நான் குழுவில் எழுந்து எதிர்த்தேன். தாசில்தாரம்மாவும் எதிர்த்தார். மற்றவர்கள் காபி குடித்தார்கள். தாசில்தாரம்மா அன்றைக்கே குழுவிலிருந்து விலகினார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பிரிவுபசார விழாவில் இயக்குநர் என்னை "மனசாட்சியின் குரல்" என்று புகழ்ந்து பேசி, ஒரு குத்துவிளக்கும் கொடுத்தார்.

ஷீபா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து, அதோடேயே படிப்பை முடித்தாள். அம்மாக்களின் ஃபோன் நிற்கவில்லை. மழைக்காலத்தில் அனீஷின் பைக் தோட்டுக்கு இந்தப் பக்கத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. தமிழ்ப் பையன்கள் தள்ளிவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் பேச்சுக் கிளம்பும் முன்னாலேயே வசந்தா சுலோசனாவை ஃபோனில் கூப்பிட்டுவிட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவள்தான். மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை.

அதைக் கேள்விப்பட்டு நான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனேன். எனக்கு இப்போது பதவியும் இல்லை, கேட்க ஓர் அறிக்கையும் இல்லை. மத்தியானம். ஜெனரேட்டர் அறையில் சுலோசனாவும் மற்றவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தா அப்போதும் மாடிப்படியில்தான் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குள் இருந்த பழைய அலுவலகப் புத்திதான் கேட்கவைத்திருக்க வேண்டும்.

"இன்னும் இங்கதான் சாப்பிடறீங்களா? இப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களே."

வசந்தா மோர்ச்சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மேடம் பேசுதிய? அவ மவன் வெட்டுனதுல எம் மவனுக்கு இன்னும் டைல்ஸ் ஒட்டுத கரண்டி பிடிக்க முடியல. காலையில நான்தான் சட்டைப் பித்தான் போட்டுவிடுதேன். அவகூட இருந்து ஒரு வாய் சோறு எனக்கு எறங்காது."

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"ஆனா அவ ஃபோன் அடிச்சா எடுப்பேன். எந்நேரம்னாலும் எடுப்பேன்."